கொட்டிலும் கணப்பும்: விற்றியரின் பனிக்காலக் கவிதை பற்றிய ஓர் ஆய்வு

பனி என்னுஞ் சொல் தமிழில் நெடுங்கால வழக்குடையது. குளிர், நடுக்கம், அச்சம், நீர்த்துளி எனப் பல பொருள்களை அது தாங்கி நிற்கும். முன்பனி, பின்பனி என ஆண்டின் இரு பொழுதுகளுக்குப் பெயரிட்ட தமிழர், புல்நுனியில் வைகறையிற் காணப்பட்டு வெயில் ஏறுமுன் மறையும் துளியையே பெரும்பாலும் பனியெனக் கொண்டனர். வானினின்று வெண்டுகளாக இறங்கி, வேலியையும் வழியையும் கிணற்றையும் மூடி, நாட்கணக்கிற் கரையாது கிடக்கும் வெண்பனியை அவர்தம் நிலம் அறியாது. இமயத்தின் வெண்முடியைப் பழம்புலவர் பாடியதுண்டு. எனினும் அது சேய்மையிற் கண்ட பெருமையேயன்றி, வாயிலில் வந்து கிடந்த இடர் அன்று. ஆகலின், ஆங்கில இலக்கியங் கற்கும் தமிழ் மாணாக்கர் பனிக்காலக் கவிதைகளைப் படிக்குங்கால், வாழ்த்து மடல்களில் அச்சிடப்பெறும் வெண்ணிறக் காட்சியே அவர் உள்ளத்தில் எழுதல் இயல்பு.

அக்காட்சியிற் பொய்யில்லை, ஆயின் அது பாதி மெய்யே. குளிர்நாட்டுச் சிறுபண்ணையில் வாழ்பவனுக்குப் பனிப்பொழிவு முதற்கண் வேலையாகவே வருகின்றது. வீட்டிலிருந்து கொட்டிலுக்குச் செல்லும் வழி மூடப்படுகின்றது. கொட்டிலில் அடைபட்டிருக்கும் ஆவும் எருதும் குதிரையும் ஆடும் தாமே சென்று மேய இயலாதன. கோடையில் அறுத்து உலர்த்திப் பரணிற் சேர்த்த புல்லே இளவேனில் வருமளவும் அவற்றிற்கு உணவு. பனியின் அழகைக் காணுதற்குச் சாளரம் போதும். அப்பனியில் விலங்குகளை உயிருடன் காத்தற்கு மண்வெட்டி வேண்டும். சாளரத்தருகிலிருந்து எழுதப்பட்ட பனிக்காலக் கவிதைகள் பல. மண்வெட்டி பிடித்த கையினாற் பிறந்தவை சில. அச்சிலவற்றுள் முன்வைத்து எண்ணத்தக்கது, அமெரிக்கப் புலவர் ஜோன் கிறீன்லீவ் விற்றியர் 1866 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்நோ பவுண்ட்’ என்னும் நெடுங்கவிதை. ‘பனியாற் சிறைப்பட்டோர்’ எனத் தமிழில் அதனை வழங்கலாம்.

விற்றியர் 1807 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆம் நாள், மசச்சூசெற்ஸ் மாநிலத்து எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஹேவரில் என்னும் ஊரின் புறத்தே, ஒரு பண்ணை வீட்டிற் பிறந்தார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்தம் முன்னோர் கட்டிய அவ்வீடு இன்றும் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. குவேக்கர் எனப்படும் எளிய கிறித்தவ நெறியைச் சார்ந்த அக்குடும்பத்திற் செல்வம் மிகுதியில்லை, நூல்களும் சிலவே. சிறுவன் விற்றியர் கிராமப் பள்ளியிற் பயின்றார். ஆசிரியர் ஒருவர் வாயிலாக ஸ்கொத்லாந்து உழவர் கவிஞர் பேண்ஸின் பாடல்களை அறிந்தார். ஊரின் உயர்கல்விக்கூடத்திற் சேர்தற்குரிய பணத்தைச் செருப்புத் தைத்து ஈட்டினார். பண்ணைவேலையின் கடுமையால் இளமையிலேயே அவர் உடல்நலங் குன்றியது. எனவே அவர் பாடிய பனிக்காலம், மெய்வருந்தி அறிந்த ஒருவர் பாடியது என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது.

எசெக்ஸ் மாவட்டம் யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றைக் கற்போர்க்கு முற்றும் அயலான இடம் அன்று. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாருள் ஒருவரும், 1823 இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபருமான தானியேல் பூவர், அதே மாவட்டத்து டான்வேர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். விற்றியர் தம் முதுமையிற் பல ஆண்டுகளைக் கழித்ததும் அவ்வூரிலேயே. வட்டுக்கோட்டை வெயிலிற் கணிதமும் வானநூலும் கற்பித்த பூவர் தம் இளமையிற் கண்ட பனியும், விற்றியர் பாடிய பனியும் ஒரு வானத்தினின்று இறங்கியனவே.

கவிதை தோன்றிய காலமும் கருதற்பாலது. அடிமை முறையை ஒழிக்கும் இயக்கத்திற்கு விற்றியர் தம் வாழ்வின் முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை ஈந்தவர். அவ்வியக்கத்தின் தேசியச் சங்கம் 1833 இல் பிலதெல்பியா நகரில் அமைக்கப்பட்டபோது உடனிருந்தவர்களுள் அவரும் ஒருவர். 1861 இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்றது; அவ்வாண்டின் இறுதியில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. பொதுவாழ்வின் நோக்கம் நிறைவேறிய அவ்வேளையில் அவர்தம் இல்லம் வெறுமையுற்றிருந்தது. தாய் 1857 இல் மறைந்தார். மூத்த தமக்கை 1860 இல் மறைந்தார். திருமணஞ் செய்யாத அவருக்கு உற்ற துணையாக இருந்த தங்கை எலிசபெத்து 1864 இல் மறைந்தார். பழைய குடும்பத்தில் எஞ்சியோர் அவரும் அவர்தம் தம்பியுமே. இவ்விழப்பின் நடுவே, தம் சிறுவயதில் ஒரு பெரும்பனிப் பொழிவு குடும்பத்தை ஒரு வாரம் வீட்டில் அடைத்துவைத்த நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு, எழுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட அடிகளில் அவர் பாடினார். அடிதோறும் நாற்சீர் அமைய, இயைபுத் தொடையால் அடிகள் பிணைந்து செல்லும் எளிய யாப்பு அது. நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. புலவரின் நெடுநாள் வறுமை அதனால் நீங்கிற்று.

விற்றியர்க்கு முன்னரே பனிக்காலத்தைப் பாடிய புலவர் பலருளர். அவர்தம் பாடல்களில் விலங்குகள் பெறும் இடத்தை நோக்கினால் விற்றியரின் தனிச்சிறப்பு விளங்கும். ஜேம்ஸ் தொம்சன் 1726 இல் வெளியிட்டுப் பின்னர் விரித்துத் திருத்திய ‘குளிர்காலம்’ என்னும் பாடலில், பனி மூடிய உழவெருது தன் உழைப்பின் பயனைக் கேட்டு நிற்கின்றது. செம்மார்புடைய சிறு பறவை பசியால் அச்சம் நீங்கி மனிதரின் உணவறைக்குள் நுழைகின்றது. பனியில் வழிதவறிய உழவன், மனைவியும் மக்களும் காத்திருக்க, வெளியே மடிகின்றான். பரந்த காட்சி, பெருந்துயர். ஆயின் அப்பாடலிற் புலவர் உயரத்தில் நின்று உலகனைத்தையும் ஒருங்கே காண்கின்றார். எந்த எருது, எவருடைய கொட்டில் என்னும் வினா அங்கே எழுவதில்லை.

வில்லியம் கூப்பர் 1785 இல் வெளியிட்ட ‘கடமை’ என்னும் நூலின் இறுதிப் பகுதிகள் இவ்வகையில் இன்னும் நுண்மையானவை. வேலியின் மறைவில் ஒதுங்கிய மாடுகள் தீனிக்காகக் காத்துநிற்றலையும், பசித்த மனிதன்போற் சினவாது அவை பொறுத்திருத்தலையும், பண்ணையாள் புற்குவியலைச் சரியாதவாறு நேராக அறுத்தெடுத்தலையும் அவர் கூர்ந்து நோக்கிப் பாடியுள்ளார். விலங்குகள்பால் அவர்க்கிருந்த அன்பு ஐயத்திற்கிடமற்றது. முயல்களைத் தம் வீட்டில் வளர்த்தவர் அவர். எனினும் காலை உலாவிற்குச் சென்றவர் கண்ட காட்சி அது. மாடுகளின் பசி அவர் நெஞ்சைத் தொடுகின்றது. அப்பசியைத் தீர்த்தல் அவர் கடமையாக இல்லை. பேண்ஸ் பாடிய ‘குளிர்கால இரவு’ என்னும் பாடலோ உழவன் ஒருவனின் உள்ளத்திலிருந்து எழுந்தது. கதவும் சாளரமும் காற்றில் அதிர, படுக்கையிற் கிடந்தவாறே அவர் வெளியிலுள்ள மாடுகளையும் ஆடுகளையும் சிறு பறவைகளையும் நினைந்து வருந்துகின்றார். விற்றியர் இளமையிற் கற்ற பாடம் இதுவே எனலாம். ஆயினும் பேண்ஸின் பாடல் விரைவில் விலங்குகளை விட்டு நீங்கி, மனிதர் மனிதர்க்கிழைக்கும் கொடுமையைப் பழித்துரைக்கச் சென்றுவிடுகின்றது.

விற்றியர் தம் கவிதையின் முகப்பில் மேற்கோளாக வைத்த எமேர்சனின் ‘பனிப்புயல்’ என்னும் பாடல் பிறிதொரு வகையினது. அங்கே வடகாற்று ஒரு கட்டடக் கலைஞனாகின்றது. ஓரிரவிற் கோழிக்கூட்டின் மீதும் நாய்க்கூட்டின் மீதும் சலவைக்கல் மாலைகளைத் தொங்கவிட்டுச் செல்கின்றது. கற்பனை வளத்தில் அப்பாடல் விற்றியரின் கவிதையினும் உயர்ந்தது என்பாரை மறுத்தல் அரிது. ஆயினும் அக்கூட்டினுள் இருந்த கோழி என்னாயிற்று? எமேர்சன் கூட்டின் புறத்தைக் கண்டு நிறைவுற்றார். விற்றியர் அதன் கதவைத் திறந்தார். இருவர்க்குமுள்ள வேறுபாடு இவ்வொன்றில் அடங்கும்.

இனிக் கவிதையினுட் செல்லலாம். டிசெம்பர்ப் பகல் ஒன்றில் ஒளி குன்றிய கதிரவன் எழுகின்றான். கீழ்காற்று வீசுகின்றது, தொலைவிலுள்ள கடலின் முழக்கம் நிலத்தின் உள்ளே கேட்கின்றது. வீட்டில் நெய்த தடித்த ஆடையும் தாங்காத குளிர். புயலின் அறிகுறிகள் இவை. இவற்றைக் கண்டபின் குடும்பத்தார் செய்வது யாது? கணப்பைச் சூழ்ந்து அமரவில்லை, மாலைவேலையைத் தொடங்குகின்றனர். விறகைக் கொணர்ந்து உள்ளே சேர்க்கின்றனர். மாடுகட்குப் படுக்கை பரப்புகின்றனர். பரணினின்று உலர்புல்லை வாரி இறக்குகின்றனர். குதிரை தானியத்திற்காகக் கனைக்கின்றது. வரிசையாய்க் கட்டப்பட்ட மாடுகள் கொம்போடு கொம்பு மோதிப் பொறுமையிழந்து கழுத்தின் மரவளையங்களைக் குலுக்குகின்றன. சேவல் தன் உறக்கக்கோலிலிருந்து தலைதாழ்த்தி, இந்நேரத்தில் வந்தவர் யாரென வினவுவதுபோற் கூவுகின்றது. இவையாவும் முடிந்த பின்னரே இரவு கவிகின்றது, பனி இறங்குகின்றது.

இப்பகுதியில் உவமைகள் மிகுதியாக இல்லை. வினைச்சொற்களே அடிகளை நடத்துகின்றன. கொணர்தல், பரப்புதல், வாருதல், கேட்டல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் அவ்வினைகள், நாள்தோறும் செய்து பழகிய கையின் ஒழுங்கைக் காட்டுகின்றன. புதுமை நாடும் திறனாய்வாளர்க்கு இது வெறும் பட்டியலாகத் தோன்றலாம். ஆயின் அப்பட்டியலின் வரிசையே கவிதையின் பொருளை நிறுவுகின்றது: முதலில் விலங்கு, பின்னர் மனிதன்.

இரண்டு நாட்கள் பனி பொழிகின்றது. விடிந்து நோக்குவார்க்குப் பழகிய உலகம் மறைந்துவிட்டது. கிணற்றின் கைப்பிடிச்சுவர் சீனத்துக் கூரை பெற்றது. துலா பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரமாயிற்று. சிறுவரின் வியப்பு எல்லையற்றது. அவ்வியப்பைத் தந்தை ஓர் ஆணையால் முடிக்கின்றார்: வழி வெட்டுக. பேச்சை வீணாக்காத அவர் கூறுவது அவ்வளவே. சிறுவர் காலணியும் கையுறையும் அணிந்து, தொப்பியைச் செவிவரை இழுத்துவிட்டுப் புறப்படுகின்றனர். பனி மிக உயர்ந்த இடத்தில் அதனைக் குடைந்து சுரங்கம் அமைக்கின்றனர். அரபுக் கதையின் அலாவுதீன் கண்ட குகையாக அது அவர்கட்குத் தோன்றுகின்றது. வேலை விளையாட்டாயிற்று, எனினும் சுரங்கத்தின் மறுமுனையிற் புதையல் இல்லை. பசித்த விலங்குகளே உள்ளன.

கொட்டிற் கதவு திறக்கப்படும் அக்காட்சியே கவிதையின் உயிர்நிலை. முதிய குதிரை தன் நீண்ட தலையை வெளியே நீட்டி, உலகிற்கு நேர்ந்ததை வியந்து நோக்குகின்றது. சேவல் உரக்க வாழ்த்துக் கூறித் தன் புள்ளிப்பெடைகளை நடத்தி வெளிவருகின்றது. ஆட்டுக்கடா, துயிலுணர்ந்த எகிப்தியத் தெய்வம் அமுன்போலத் தலையை அசைத்துக் காலால் நிலத்தை உதைக்கின்றது. இவற்றினிடையே எருதுகள் வாலைச் சுழற்றி, கொம்பை அசைத்து, பசியின் மென்மையான கடிதலைத் தம் பார்வையிற் காட்டுகின்றன. குதிரைக்கு வியப்பும், சேவலுக்குச் செருக்கும், கடாவிற்குத் தெய்வத்தன்மையும் ஏற்றியுரைத்த புலவர், எருதுகட்கு ஏற்றியுரைப்பது யாதுமில்லை. அவற்றின் பார்வையைப் பார்த்தார். அது தம்மைக் கடிந்ததென்று உணர்ந்தார். கடிதலும் மென்மையானது; உரத்துக் கேட்க அறியாத உயிரின் கடிதல் அது. வழி வெட்டிய சிறுவரின் மகிழ்ச்சி ஆரவாரத்திற்கு அப்பார்வை ஒரு மறுமொழியாக நிற்கின்றது.

இவ்விடத்திற் புலவர் ஆளும் ஒரு சொல் ஊன்றி நோக்கத்தக்கது. கவிதையின் பெயர் மனிதர் பனியாற் பிணிக்கப்பட்டதைக் கூறுகின்றது. ஆனால் ‘சிறையிடப்பட்ட’ என்னும் பொருள் தரும் சொல்லை இங்கே அவர் கொட்டிலில் உள்ள விலங்குகட்கே உரித்தாக்குகின்றார். மனிதர் அடைபட்டிருத்தல் ஒருவார விடுமுறை. விலங்குகள் அடைபட்டிருத்தல் மனிதர் கதவைத் திறக்கும்வரை. அடிமைகளின் விடுதலைக்காக முப்பதாண்டு எழுதிய ஒருவர், அவ்விடுதலை கிட்டிய காலத்தில் இச்சொல்லைக் கையாண்டுள்ளார். இதனைக் கொண்டு கவிதை முழுவதும் உருவகம் எனக் கூறுதல் மிகையாகும். எனினும் பிறரைச் சார்ந்து வாழும் உயிர்க்கு உரிமையுடையவன் கடமைப்பட்டவன் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதன் பின்னரே கணப்பு மூட்டப்படுகின்றது. ஓக் மரத்துண்டு பின்னே வைக்கப்பட்டு, சுள்ளிகள் முன்னே அடுக்கப்பட்டு, பழைய அறை செவ்வொளியில் மலர்கின்றது. நாய் முன்கால்களை நீட்டித் தலைசாய்க்கின்றது. பூனையின் நிழல் சுவரிற் பதுங்கிய புலியாக விழுகின்றது. அப்பிட்பழச் சாறு நெருப்பருகே கொதிக்க, பழங்கள் வரிசையாய்ச் சுடப்படுகின்றன. தந்தை தாம் திரிந்த காடுகளையும், தாய் தம் முன்னோர் கண்ட போர்க்காலத்தையும் கூறுகின்றனர். அவர்களுட் சிறந்த ஓவியம் சிற்றப்பனுடையது. நூலறிவற்ற அவர் வயலும் காடும் கற்பித்த கல்வியுடையவர். விலங்கின் ஒலியையும் பறவையின் பேச்சையும் வானத்தின் குறிப்பையும் உணரவல்லவர். பழங்காலத்து அறிஞரோடும், செல்போண் ஊரின் இயற்கை வரலாற்றை எழுதிய கில்பேட் வைற்றோடும் அவரை ஒப்பிடுகின்றார் புலவர். எழுத்தறியாதார் அறிவைப் படித்தவர் மதித்துரைக்கும் இப்பகுதி ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே கற்றற்குரியது.

பலரும் போற்றியது இக்கணப்புக் காட்சியையே. பின்வந்த திறனாய்வாளர் பலர் குறைகூறியதும் இதனையே. லோங்பெலோ, பிறயன்ற், ஹோம்ஸ், லோவெல் என்போருடன் விற்றியரையும் சேர்த்துக் ‘கணப்புப் புலவர்’ என ஒரு பெயரிட்டனர். குடும்பத்தார் கூடியிருந்து உரக்கப் படித்தற்குரிய புலவர் என்பது அதன் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் அப்பெயரே இகழ்ச்சியாக மாறிற்று. பழமையை எண்ணி உருகும் இன்மொழியாளர் என விற்றியர் ஒதுக்கப்பட்டார். கணப்பை மட்டும் நோக்கினால் இக்குற்றச்சாட்டிற்கு இடமுண்டு. ஆனால் அக்கணப்பிற்குச் செல்லும் வழி கொட்டிலின் வழியாகச் செல்கின்றது. பசித்தவற்றிற்கு ஊட்டியபின் பெற்ற வெம்மையே அங்கே பாடப்படுவது. கொட்டிலை மறந்து கணப்பைப் போற்றியோரும், கொட்டிலை மறந்து கணப்பை இகழ்ந்தோரும் ஒரே தவற்றினைச் செய்தனர்.

அவ்வெம்மையும் பாதுகாப்பும் நிலையுடையன எனப் புலவர் யாண்டுங் கூறவில்லை. இரவிற் சிறுவர் மேன்மாடத்திற் கிடக்க, பூச்சற்ற சுவரின் இடுக்கினூடே நுண்பனித் துகள்கள் அவர்மேல் விழுகின்றன. வீட்டின் வெம்மை எத்துணை மெல்லிய சுவரால் வெளிக்குளிரினின்று பிரிக்கப்பட்டது என்பதை இச்சிறு செய்தி காட்டும். தங்கை எலிசபெத்தைப் பாடும் பகுதியில் அச்சுவரும் இல்லை. குளிர்காலப் பனியின் சுமை திங்கள் பலவாக அவள் கல்லறைமேற் கிடந்தது என்கின்றார் புலவர். சிறுவயதிற் சுரங்கம் குடைந்து விளையாடிய அதே பனி. அன்று கொட்டிலுக்கு வழி வெட்டலாயிற்று. இன்று கல்லறைக்கு வழி வெட்டுவாரில்லை. பனி என்னும் ஒரு பொருளைக் கொண்டே இன்பமும் இழப்பும் உணர்த்தப்படும் இவ்விடத்தில் விற்றியர் எமேர்சனுக்கும் எட்டாத ஆழத்தைத் தொடுகின்றார்.

கவிதையின் முடிவு மீண்டும் விலங்கினிடம் வருகின்றது. ஒரு காலையில் மகிழ்ச்சிக் குரல் கேட்டு வீட்டார் விழிக்கின்றனர். அயலவர் தம் எருதுகளைப் பூட்டி, மூடுண்ட பெருவழியைத் திறந்து வருகின்றனர். மலைச்சரிவிற் பாதியுடல் பனியிற் புதைய எருதுகள் மெல்ல இறங்குகின்றன. தலையை உயர்த்திப் பனியை உதறுகின்றன. உழைப்பால் விரியும் அவற்றின் மூக்கு உறைபனியால் வெளுத்திருக்கின்றது. ஒவ்வொரு பண்ணையின் வாயிலிலும் அவ்வணி நின்று, அப்பண்ணையின் எருதுகளையும் சேர்த்துக்கொண்டு செல்லுதல் அந்நாட்டு வழக்கம். விற்றியரின் வீட்டு வாயிலிலும் அவ்வாறே நின்றது. கொட்டிலில் மென்மையாகக் கடிந்து நோக்கிய அவ்வெருதுகளே இப்போது வெளிவந்து மனிதரின் சிறையைத் திறக்கின்றன. அதன் பின்னரே மருத்துவர் வருகின்றார். நோயுற்ற அயலாரிடம் தாய் அழைக்கப்படுகின்றார். செய்தித்தாள் வந்து உலகச் செய்திகளைக் கொணர்கின்றது. மனிதன் எருதிற்கு வழி வெட்டினான். எருது மனிதனுக்கு வழி திறந்தது. தொடக்கமும் முடிவும் இவ்வாறு ஒன்றையொன்று நோக்கி நிற்பது கவிதையின் கட்டமைப்பிற்கு வலிமை தருவதாகும். இதனைப் புலவர் வெளிப்பட எடுத்துரையாது விட்டமை அவர்தம் அடக்கத்திற்குச் சான்று.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதற்காலைக்குப் பின்னர் எருதுகள் வழிதிறக்க வரும்வரை கொட்டில் நீண்டநேரம் மறக்கப்படுகின்றது. அவ்வாரத்தின் ஏனைய நாட்களிலும் விலங்குகட்குத் தீனியும் நீரும் தந்தாகவேண்டும். பனி மூடிய கிணற்றிலிருந்து அத்தனை வாய்க்கும் நீர் இறைத்தல் புல்லிடுவதினும் கடிய வேலை. கிணற்றின் சீனக்கூரையைப் பாடிய புலவர் அந்நீரைப் பாடவில்லை. குளிர்காலத்தின் தொடக்கத்தில் நியூ இங்கிலாந்துப் பண்ணைகளில் இறைச்சிக்காக விலங்குகள் கொல்லப்படுதல் வழக்கமாக இருந்தது. அதுவும் கவிதையிற் பேசப்படவில்லை. மென்மையாகக் கடிந்த கண்களைக் கண்டவர் அதனைப் பாடியிருப்பின் கவிதையின் அமைதி குலைந்திருக்கும், உண்மை கூடியிருக்கும். அச்சமூட்டும் இயல்புடைய விருந்தினர் ஒருவரைப் பற்றிய நீண்ட பகுதியும், இறுதியில் வரும் அறவுரைகளும் சுருங்கியிருக்கலாம். அவை கவிதையின் ஓட்டத்தைத் தளர்த்துகின்றன.

தமிழ்க் கவிதையில் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகளையுடைய அப்பாட்டில் வெண்பனி இல்லை. மழையும் வாடையும் உண்டு. ஆயினும் அதன் தொடக்கம் விற்றியரின் தொடக்கத்திற்கு வியத்தகு வகையில் அணித்தாக உள்ளது. வெள்ளத்தை வெறுத்த கோவலர் தம் நிரையை வேற்றுநிலத்திற்குப் பெயர்த்துச் செல்கின்றனர். பழகிய இடத்தைப் பிரிந்த வருத்தமும் உடம்பை நலியும் குளிரும் சேர, கையில் நெருப்பேந்தியும் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்தலை மறக்கின்றன. பறவைகள் மரத்தினின்று வீழ்கின்றன. கறவைகள் பாலுண்ண வந்த கன்றையும் உதைத்து விலக்குகின்றன. மனையில் உறையும் புறாக்கள் இரை தேடச் செல்லாது, பகலும் இரவும் அறியாமல், இருந்த இடத்திலேயே கால்மாற்றி நிற்கின்றன. ஹேவரில் கொட்டிலின் சேவலும் இப்புறாக்களும் ஒரே குளிரின் சிறைப்பட்டோர்.

நெடுநல்வாடையின் முடிவும் விலங்கினை விட்டு நீங்கவில்லை. பாசறையில் நள்ளிரவிலும் துயிலாத வேந்தன் புண்பட்ட வீரரைக் காணச் செல்கையில், சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று தம்மேல் விழும் துளிகளை உதறுகின்றன. பனியை உதறிய எருதும் துளியை உதறிய குதிரையும் இரு பாட்டின் இறுதியிலும் மனிதர்க்காகக் குளிரைத் தாங்கி நிற்கின்றன. ஒருவரை மற்றவர் அறியாத இரு புலவரை இவ்வாறு ஒன்றுபடுத்துவது, மனிதனின் குளிரை அவனைச் சார்ந்த விலங்கின் உடலிற் காணும் பார்வையே. முதல், கரு, உரி எனப் பொருளை வகுத்த தமிழிலக்கணம் விலங்கையும் பறவையையும் தொழிலையும் கருப்பொருளில் ஒருங்கு வைத்தது. அவை உரிப்பொருளுக்கு அணியாக மட்டும் நில்லாது அதனை ஈன்றெடுக்கும் கருவாக நிற்கவேண்டும் என்னும் உண்மை இரு பாட்டிலும் விளங்கும். வேறுபாடும் உண்டு. நெடுநல்வாடையின் பிரிவு வேந்தன் வென்று மீண்டால் நீங்குவது. விற்றியரின் பிரிவு நீங்காதது.

ஆகவே, பனியாற் சிறைப்பட்டோரைப் பாடிய இக்கவிதையை ஒரு குடும்பத்தின் இன்ப நினைவெனக் கூறி அமைதல் போதாது. எவ்வின்பத்திற்கும் முன்னே ஒரு கொட்டிற் கதவு உண்டென்பதையும், அக்கதவை உரிய நேரத்தில் திறந்தவர்க்கே கணப்பின் வெம்மை நெஞ்சை உறுத்தாது இனிக்கும் என்பதையும் அது உணர்த்துகின்றது. பனியைக் கண்ணாற் காணாத தமிழ் மாணாக்கர் இக்கவிதையைக் கற்றற்குப் பனிநாடு செல்லவேண்டுவதில்லை. மாரிக்கால மழையில் வெள்ளம் முற்றத்தில் நிற்க, தலையிற் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் இழுத்துப்போடச் சென்ற எவரும், விற்றியர் கண்ட அப்பார்வையைத் தம் வீட்டுக் கொட்டிலிலேயே கண்டிருப்பர்.